கீழ்த்தளத்துக்காரி

விகான்,
செப்டம்பர் 19, 1993

அன்புள்ள மனோங்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன், அண்ணா. மணிலாவிலிருந்து காலை நீட்ட இடமில்லாத பேருந்தில் வந்ததில், வழியெல்லாம் உங்கள் முழங்காலைத்தான் நினைத்துக்கொண்டேன். வீக்கம் வடிந்ததா? எர்லிண்டா அண்ணிக்கு இரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறதா?

வீடு நிற்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. தெருப் பக்கச் சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. கூரை ஒழுகுகிறது. சிப்பி பதித்த ஜன்னல்களில் பாதியைத் தள்ள முடியவில்லை. ஆனால் மேல்தளத்து வேங்கைப் பலகைத் தரை மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. கீழே குடியிருக்கும் பெண்தான் கதவைத் திறந்தாள். சமையல்காரி ஓராங்கின் மகள், நினைவிருக்கிறதா? தலை நரைத்துவிட்டது. "வாங்க சின்னம்மா" என்று சொல்லி, நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சாவிக்கொத்தை நீட்டினாள். "உன்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். எந்தச் சாவி எதற்கென்று எனக்கு என்ன தெரியும்.

மணிலா வியாபாரி தெக்சன் அடுத்த வாரம் வருகிறார். வீட்டைப் பிரித்துப் பலகை தனியாக, ஜன்னல் தனியாக, படிக்கட்டு தனியாக விற்பவராம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

இங்கே உட்காரத்தான் முடியவில்லை. அப்பாவின் நாற்காலியைப் பார்த்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது. காலையில் மாட்டுக் குடல் சூப் குடித்துவிட்டு நடக்கக் கிளம்பிவிடுகிறேன். ஏதாவது ஒரு பழைய வீட்டின் கதவைத் தட்டி, "லாஸ்கானோ வீட்டுப் பொண்ணு" என்றால் உள்ளே விடுகிறார்கள். இவ்வளவு பெரிய வீடுகளை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கலாமே என்றுதான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
வீரிங்


வைபாஹு, ஹவாய்,
அக்டோபர் 8, 1993

என் தங்கை வீரிங்குக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. வேலையில், மைதானத்துப் புல் வெட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க விடுகிறார்கள். எர்லிண்டா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாள். உனக்கு அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? கொதிக்க வைத்துக் குடி.

தெக்சன் வந்தாரா? வந்திருந்தால் பேரத்தை இழுக்காதே. அந்த வீடு நமக்கு என்ன செய்தது? அப்பா உட்கார்ந்து உட்கார்ந்தே நிலத்தையெல்லாம் தொலைத்த இடம் அது. மற்றவர்கள் வீட்டில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? எல்லா வீட்டிலும் ஒரே கறையான்தான்.

கீழே இருப்பவர்களுக்கு வேறு இடம் பார்க்க ஏதாவது கொடுத்துவிடு. முறையாகக் கொடு.

உன் அறையை எர்லிண்டா பெருக்கி வைத்திருக்கிறாள். எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது.

உன் மனோங்
ஹோனோராதோ


விகான்,
அக்டோபர் 24, 1993

அன்புள்ள மனோங்,

முழங்கால் சேதி கேட்டு நிம்மதி. நான் கொதித்த தண்ணீர்தான் குடிக்கிறேன். பசிலிசா வேறு தண்ணீர் தருவதில்லை. கீழ்த்தளத்துப் பெண்ணின் பெயர் அது. நீங்கள் "கீழே இருப்பவர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அவள் ஒருத்திதான். ஓராங் செத்துப் பல வருடம் ஆகிறதாம்.

தெக்சன் வந்தார். சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார், வைத்தியர் நெஞ்சைக் கேட்பது போல. எனக்கு என்னவோ போல் இருந்தது. அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

சிப்ரியானோ, தெலஸ்ஃபோரோ சகோதரர்களின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பாகப் பிரிவினையில் யாரும் விட்டுக்கொடுக்காததால் கூடத்துக்கு நடுவே ஒட்டுப்பலகையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். பெரியவர் சிப்ரியானோ என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். "இந்தப் பக்கம் என்னுது. அந்தப் பக்கம் அந்தக் கழுதையோடது. சரவிளக்கு நடுவுல வந்துடுச்சு, அதான் தடுப்பை மேல அறுத்து விட்டிருக்கோம்."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கழுதைக்குக் காது நல்லாக் கேக்குது. விளக்கு எரியிற கரண்டு யாரோடதுன்னும் அவங்களுக்குச் சொல்லு."

எனக்குப் பின்னால் குடையோடு நின்ற பசிலிசா சிரித்துவிட்டாள். அவளைத் துணைக்குக் கூட்டிப்போகிறேன். வெயிலில் குடை பிடிப்பேன் என்று அவள் அடம், பிடிக்காதே என்று நான் அடம். கடைசியில் இரண்டு பேரும் மழையில் நனைவதுபோல வெயிலில் நனைகிறோம். சிப்ரியானோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்குமே நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

தேதி பிறகு எழுதுகிறேன். அண்ணிக்கு என் அன்பு.

வீரிங்


விகான்,
நவம்பர் 5, 1993

அன்புள்ள மனோங்,

உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். எல்லோரும் சுகம்தானே?

கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனேன். அங்கே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூவும் வைத்தாகிவிட்டிருந்தது. பசிலிசா விடிகாலையிலேயே வந்து போயிருக்கிறாள். சற்றுத் தள்ளி ஓராங்கின் சமாதி. அதற்கும் அதே பூ.

திரும்பும் வழியில் இன்னொரு பழைய வீட்டுக்காரக் கிழவி, டோன்யா பிளாசிடா, கூப்பிட்டாள். கீழ்த்தளத்தைச் சவப்பெட்டிக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மேலே தனியாக இருக்கிறாள். வெல்லக் காப்பி கொடுத்து, தாத்தா காலத்துக் கட்டில், கண்ணாடி அலமாரி எல்லாம் காட்டினாள். "எனக்குப் பெட்டி வாங்க யாரும் தெருவைக்கூடத் தாண்ட வேணாம்" என்று சொல்லிச் சிரித்தாள். பசிலிசா படிக்கட்டடியிலேயே நின்றுவிட்டாள். நான் மேலே கூப்பிட்டேன். பிளாசிடா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உங்கப்பனோட அந்த மூக்கை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? மத்த ஆம்பளைங்க சின்ன வீட்டை ஊருக்கு வெளிய வெப்பாங்க. உங்கப்பன் பெரிய வீட்டுக்குள்ளயே வெச்சான். ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதாக்கும்."

எனக்குத் தெரியாது மனோங். மடத்துப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வருவேன். யாரோ ஒரு பெண் தரை தேய்த்துக்கொண்டிருப்பாள். காலைத் தூக்கி வழி விடுவேன். அவள் மூக்கை எங்கே பார்த்தேன்.

உங்களுக்குத் தெரியுமா? அது மட்டும் சொல்லுங்கள்.

வீரிங்


வைபாஹு,
டிசம்பர் 12, 1993

என் தங்கை வீரிங்குக்கு,

எல்லோருக்கும் எங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எர்லிண்டாவுக்கு மூச்சிறைப்பு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டில். உன் உடம்பு எப்படி?

நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலிருந்து உன்னைத் தேடித் தொலைபேசி வந்தது. உன் அலமாரியில் துணி கிடக்கிறதாம், எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். லீவு முடிந்து வருவாள் என்றேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள், நீ ஆகஸ்டிலேயே வேலையை விட்டுவிட்டாயாம். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே.

நான் உன்னை விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டேன். இரண்டு வாரம் என்றாய். போக வரச் சீட்டு என்றாய்.

தெக்சன் மறுபடி வருவார். கையெழுத்துப் போடு.

ஹோனோராதோ


விகான்,
ஜனவரி 9, 1994

அன்புள்ள மனோங்,

அண்ணியைப் படுக்கையில் சாய்வாக உட்காரவைத்துத் தூங்கச் சொல்லுங்கள். பின்னால் மூன்று தலையணை. உப்பைக் குறையுங்கள்.

ஆமாம், வேலையை விட்டுவிட்டேன். இருபது வருடம் பிறத்தியார் அப்பா அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு நாள் காலையில் ஒரு கிழவருக்குச் சட்டை மாட்டும்போது, நம் அப்பாவுக்கு இதை யார் செய்தார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் போகவிட்டிருக்கமாட்டீர்கள்.

என் பதிலைச் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு உங்கள் பதில் வரவில்லை.

பழைய புகையிலைக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பாழ் வீடு இருக்கிறதே, அதற்குள் போனோம். ஆலமரம் சுவரைப் பிளந்துகொண்டு கூடத்துக்குள் வேர் விட்டிருக்கிறது. பின் முற்றத்தில் கிணற்றடி இடிந்து கிடக்கிறது. நான் பயந்து பயந்து படி ஏறினேன். பசிலிசா எனக்கு முன்னால் ஓடினாள். தூசி கணுக்கால் அளவு. அவள் அதன் நடுவே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையால் அளைந்து, "பாருங்க சின்னம்மா, எத்தினி வருஷமா ஒருத்தரும் தேய்க்கலை" என்றாள். பாவம், ஒரு வீடு இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குத் துக்கம் போலிருக்கிறது. கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

நம் வீட்டு மேசையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். எனக்கு ராத்திரியில் தூக்கம் சரியாக வருவதில்லை. தெக்சனுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வீரிங்


விகான்,
மார்ச் 2, 1994

அன்புள்ள மனோங்,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. தபால்காரரைத் தினமும் கேட்டதில் அவர் இப்போது எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறார். அண்ணிக்கு ஒன்றும் இல்லையே? இருந்தால் தந்தி கொடுத்திருப்பீர்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். தெக்சனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டுக்கு மூன்று பேர் உரிமைக்காரர்கள், மூன்றாவது ஆளைக் கேட்காமல் விற்க முடியாது என்றேன். பிறகு நேராகக் கீழே போனேன். பசிலிசா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன், உனக்கும் இதில் பங்கு இருக்கிறது, யாரும் உன்னை வெளியே அனுப்ப முடியாது, வியாபாரியை அனுப்பிவிட்டேன் என்று. அழுவாள் என்று நினைத்தேன். உங்களிடம் ஒளிப்பானேன், கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா. ஒம்பது வயசுல தேங்கா மட்டையைக் காலடியில குடுத்தாங்க, தரையைத் தேய்ன்னு. இன்னிக்கு வரைக்கும் தேய்க்கிறேன். அந்த ஆளு வந்து ஒவ்வொரு பலகையாப் பேத்து லாரியில ஏத்துவான், அன்னிக்கு எதிர்த்தாப்புல நின்னு எம்பனாடா தின்னுக்கிட்டே வேடிக்கை பாக்கணும்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்டீங்க."

நான் படியில் உட்கார்ந்தேன். பிறகு, "அப்போ ஏன் இங்கயே இருந்தே? அப்பா போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே" என்றேன்.

"சாவியை யார்கிட்டக் குடுக்கிறது? தெருவுல போட்டுட்டா போகமுடியும்? நீங்க வந்தன்னிக்கே நீட்டினேன். உன்கிட்டயே இருக்கட்டும்னுட்டீங்க." மறுபடி மீனை எடுத்துக்கொண்டு, "வேற யாராவது வருவாங்கன்னு பாத்தா, நீங்க வீடு வீடாச் சுத்திக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரியுமா என்று. "சமையக்கட்டுல பொறந்தவளுக்கு என்ன தெரியாது" என்றாள். அவ்வளவுதான். மீன் மட்டும் நன்றாக இருந்தது.

மனோங், எனக்கு இந்த வீட்டில் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. எழுதுங்கள்.

வீரிங்


வைபாஹு,
ஏப்ரல் 10, 1994

வீரிங்,

எர்லிண்டா தேறிவிட்டாள். தலையணை வைத்ததில் தூங்குகிறாள்.

கேட்டாய் அல்லவா. தெரியும்.

அம்மாவுக்கும் தெரியும். நீ சின்னவள், மணிலாவில் இருந்தாய். நான் அங்கே, அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். ஓராங் பரிமாறுவாள். அப்பா தலை நிமிரமாட்டார். அம்மாவும் நிமிரமாட்டாள். நானும் தட்டைப் பார்த்தே சாப்பிடப் பழகினேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

அப்பா சாவுக்கு நான் வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். நான் கேட்கவே இல்லை.

வீட்டை என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஹோனோராதோ


விகான்,
மே 15, 1994

அன்புள்ள மனோங்,

உங்கள் கடிதத்தைப் பசிலிசாவுக்குப் படித்துக் காட்டக் கீழே எடுத்துப் போனேன். துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பாகியோவில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். நான் படித்தேன். "நீங்கள் இரண்டு பேரும்" என்ற இடத்தில் மூட்டை முடிச்சைக் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இறுக்கினாள்.

குதிரை வண்டியில் ஏற்றி நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். வண்டியில் முதல்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள், வேறு இடம் இல்லாததால்.

"பாகியோ குளிருமே" என்றேன்.

"குளிரட்டும். வேர்த்தது போதும்."

"என்னை அக்கான்னு கூப்பிடக் கூடாதா?"

யோசித்தாள். "சின்னம்மாவை விட்டுடறேன். மத்தது மெல்ல வரட்டும்" என்றாள். பேருந்து நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வீரிங், அடுப்புல பால் இருக்கு, பொங்கிடப்போவுது" என்று கத்தினாள். நான் ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என்னை அழவிடாமல் அனுப்பத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டை நான் விற்கப் போவதில்லை, நீங்கள் சம்மதித்தால். நர்ஸிங் படிக்கும் பெண்களுக்கு இங்கே தங்க இடமில்லை. மேல்தளத்தை அவர்களுக்கு விடுதியாகக் கொடுத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர். தரையில் செருப்போடு நடக்கிறார்கள், ஈரத் துணியைச் சரவிளக்கில் காயப்போடுகிறார்கள். நோயாளியை முதுகு பிடிக்காமல் எப்படித் தூக்குவது என்று சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னையே கட்டிலில் போட்டுத் தூக்கிப் பழகுகிறார்கள். நேற்று ஒருத்தி என்னைக் கீழே போட்டுவிட்டாள். நான் பசிலிசாவின் அறையில்தான் படுக்கிறேன். காற்று இல்லை. ஆனாலும் தூங்கிவிடுகிறேன்.

இன்னும் காலையில் கால் பரபரக்கிறது. நடந்துவிட்டுத்தான் வருகிறேன். அவள் விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் வைக்கிறேன்.

அண்ணிக்கு அன்பு.

வீரிங்


பாகியோ,
ஆகஸ்ட் 7, 1994

மதிப்பிற்குரிய ஹோனோராதோ அவர்களுக்கு,

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் கடவுள் நல்ல சுகம் தரட்டும். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குளிரில் விரல் விறைத்துப்போகிறது, அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கடிதம் ஜூனிலேயே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு பேருந்து வந்து எல்லோரும் சூப் கேட்கிறார்கள். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனோங் என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். இரண்டு தாளில் எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுவது போல இருந்தது, கிழித்துவிட்டேன். நேரில் பார்த்தால் ஒருவேளை வரும்.

வீரிங் போன வாரம் வந்து போனாள். ஊர் முழுக்க நடக்கவைத்துவிட்டாள். மேட்டு ஊரில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் நிற்கமாட்டேன் என்கிறாள். யார் வீட்டைப் பார்த்தாலும் தட்டப் போகிறாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வீட்டில் பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக நினைப்பீர்கள். விடுதி வாடகையில் எனக்குச் சேருவதை வீரிங் அனுப்புகிறாள், வாங்கிக்கொள்கிறேன். அதோடு போதும். அந்த வீட்டுக்குள் இனிமேல் வந்து படுக்க என்னால் ஆகாது.

நீங்கள் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அப்பா உங்களைக் கேட்டாரா என்று. அதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

கண் போன பிறகு அவர் ஒவ்வொரு வேளையும், "யாரு?" என்று கேட்பார். பசிலிசா என்பேன். சரி என்று வாயைத் திறப்பார், இரண்டு வாய் சாப்பிடுவார், போதும் என்பார். ஒரு நாள் எரிச்சலில், "வீரிங் வந்திருக்கேன்" என்றேன். முகம் அப்படியே மாறிவிட்டது. தட்டு முழுக்கச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு நான் வீரிங்தான், கடைசி வரைக்கும். அவர் என் தலையைத் தடவியதெல்லாம் அந்தப் பெயருக்குத்தான். வீரிங்கிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்களையும் கேட்டார். நிறையத் தடவை கேட்டார். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆம்பளைக் குரல் எனக்கு வராது. ஹோனோராதோ வெளியே போயிருக்கிறான், சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று சொல்வேன். அப்படியானால் அவன் பங்கை எடுத்து மூடி வை என்பார். தட்டில் எடுத்து மூடி வைப்பேன். மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் தூங்குவார்.

அவர் தூங்கிய பிறகு அதை நான்தான் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட வீணாக்கவில்லை.

பேருந்து வந்துவிட்டது. முடிக்கிறேன்.

பசிலிசா